முப்பத்தொரு வள்ளம், ஒரே லூப்

அக்டோபர் 6, திங்கள்

காலையில் தூறல். கீழக்கரையிலிருந்து 7.50 பஸ். ஜன்னல் மூடவில்லை, இடது தோள் நனைந்தது. இராமநாதபுரம் போய்ச் சேர்ந்தபோது அலுவலகம் பூட்டியிருந்தது. சாவி கார்த்திகேயன் சாரிடம். அவர் அபிராமத்திலிருந்து பைக்கில் வர வேண்டும். கீழே மொபைல் கடைக்காரர் ஸ்டூல் கொடுத்தார்.

– சர்வர் மறுபடி நின்றது, 11.20. ரீஸ்டார்ட். ஓடியது.
– ஹனாவின் நோட்டுக்கு அட்டை.
– ராத்தாவுக்கு (என் மூத்த அக்கா) முட்டுவலி மாத்திரை.

சர்வர் நிற்பது இது மூன்றாவது முறை. செப்டம்பரில் எட்டு வள்ளத்தில் மட்டும் பெட்டி இருந்தது, ஒரு தொந்தரவும் இல்லை. இப்போது முப்பத்தொன்று.

கா. சார்: "ரீஸ்டார்ட் பண்ணா ஓடுதுல்ல? அப்பறம் என்னம்மா. அடுத்த வாரம் நிதானமாப் பாப்போம்."

எனக்கும் அது வசதியாக இருந்தது. உண்மை.

மாலையில் ஹனா கேட்டாள், உம்மா நீங்க ஆபீஸ்ல என்னதான் செய்றீங்க என்று. யூகேஜி. அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். பாம்பனில் மீன் பிடிக்கப் போகிற வள்ளங்களில் ஆளுக்கொரு குட்டிப் பெட்டி வைத்திருக்கிறோம். பெட்டிக்குள் போனில் இருப்பது போல ஒரு சிம். நிமிடத்துக்கு ஒரு முறை 'இங்கன இருக்கேன்' என்று அது சொல்லும். ஆபத்து என்றால் சிவப்புப் பொத்தானை அமுக்குவார்கள். உம்மா எழுதின புரோகிராம் அதையெல்லாம் கேட்டு, மீனவர் சங்க அலுவலகத்துத் திரையில் புள்ளியாகக் காட்டும். ஹனா யோசித்துவிட்டு, "எல்லாரும் ஒண்ணா பேசுனா?" என்றாள்.

ஒவ்வொருவருக்கும் ஓர் ஆள் வைத்திருக்கிறேன் என்றேன். அந்த ஆளின் பெயர் த்ரெட். சிரித்தாள்.

அக்டோபர் 7, செவ்வாய்

வெயில். கரண்ட் இரண்டு முறை போனது.

லூர்து அக்கா போன் செய்தாள். பாம்பன் சங்க அலுவலகத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். முப்பத்தைந்து வயது இருக்கும், என்னைவிட நாலைந்து கூட. வயர்லெஸ் ஒன்று, போன் ஒன்று, திரை ஒன்று, தனி ஆள். என்னோடு பேசிக்கொண்டே இன்னொருவருக்குப் பதில் சொல்வாள். இன்று கேட்டது:

"நஸ்ரினு, அந்த எழுத்தக் கொஞ்சம் பெருசா வையி, கண்ணு பூக்குது... ஏலே செல்வம், ஐஸ் வண்டி வந்துருச்சு, சீக்கிரம் வா... நீ சொல்லு தாயி."

அவள் புருஷன் சேசு அண்ணன் வள்ளத்தில்தான் முதல் பெட்டியை மாட்டினோம். வள்ளம் 14. ஏன் பதினாலு என்று கேட்டதற்கு, கல்யாணத் தேதியாம்.

எழுத்தைப் பெரிதாக்கினேன். பத்து நிமிட வேலை. சர்வர் நிற்பதைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

எழுதக் கை வரவில்லை. வரிசையாகவாவது எழுதி வைக்கிறேன்.

12.15. லூர்து அக்கா போன். "புள்ளியெல்லாம் நின்ன எடத்துலயே நிக்கிது நஸ்ரினு. வலை விட்டுருக்காகன்னு நெனச்சேன். ஆனா செல்வம் வள்ளம் கரைக்கு வந்து அரை மணி நேரம் ஆச்சு. படத்துல இன்னும் கடல்லதான் கெடக்கு."

பார்த்தேன். 9.08க்குப் பிறகு ஒரு செய்தியும் பதிவாகவில்லை. மூன்று மணி நேரம். திரை மட்டும் பழைய புள்ளிகளை அப்படியே காட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி.

12.20. ரீஸ்டார்ட். ஒவ்வொன்றாக வந்தன. அக்காவும் நானும் போனிலேயே எண்ணினோம். இருபது. இருபத்தாறு. முப்பது.

14 வரவில்லை.

"பேட்டரி போயிருக்கும்" என்றாள். அவள் சொன்னது, நான் இல்லை. பிறகு அவருடைய போனுக்கு அடித்திருக்கிறாள், அணைத்து வைத்திருக்கிறது. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டாள், பதில் இல்லை. குரல் மாறியது. "வையி, நான் ஆளச் சொல்றேன்."

1.15. நான்கு வள்ளங்கள் தேடப் போயின. எங்கே என்று தேடுவது? 9.08க்கு இருந்த புள்ளியிலிருந்துதான். கச்சான் காற்று இன்னும் அடங்கவில்லை, கிழக்கே தள்ளும். கிழக்கே போனால் இலங்கை எல்லை. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நண்பகல் லுஹர் தொழவில்லை. மாலை அஸர் தொழுதேன், என்ன ஓதினேன் என்று தெரியாது.

கா. சார் நாற்காலியில் உட்காரவே இல்லை. டீ வாங்கி வந்து வைத்தார். ஆடை கட்டியது.

5.10. லூர்து அக்கா. சொல் வரவில்லை, அழுகை மட்டும். பின்னாலிருந்து யாரோ ஒரு பெண் போனை வாங்கி, "கெடச்சுட்டாக தாயி, ரெண்டு பேரும் நல்லாருக்காக" என்றாள்.

அல்ஹம்துலில்லாஹ்.

பஸ்ஸில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

அக்டோபர் 10, வெள்ளி

கா. சாரோடு பாம்பன். பாலத்தில் நல்ல காற்று, பைக்கில் வந்திருந்தால் ஓரமாக ஒதுக்கியிருக்கும், நல்லவேளை பஸ்.

சேசு அண்ணன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி. உதடெல்லாம் வெடித்திருந்தது. கூடப் போன மச்சினன் உள்ளே தூக்கம். நடந்ததை அவர் சாதாரணமாகச் சொன்னார், யாருக்கோ நடந்தது மாதிரி:

"ஒம்பதே முக்காலுக்கு இஞ்சின் நின்னுருச்சு. பெல்ட்டு. மாத்து பெல்ட்டும் இல்ல, என் தப்புதான். வயர்லெஸ்ல சார்ஜ் கம்மி, கரகரன்னுச்சு. சரின்னு பொத்தான அமுக்குனேன். பச்சை லைட் எரிஞ்சுச்சு. சேதி போயிருச்சுடா மாப்ளன்னு சொல்லிட்டு, போன ஆஃப் பண்ணி பைக்குள்ள வச்சுட்டேன். சார்ஜ் மிச்சம் இருக்கட்டும்னு."

நான் கேட்டேன், வேறு படகு எதுவும் பக்கத்தில் வரவில்லையா அண்ணே என்று. கேட்டிருக்கக் கூடாது.

"வந்துச்சு தங்கச்சி. ஒரு விசைப்படகு, கூப்புட்டாக் கேக்குற தூரம். கைய காட்டல. நமக்குத்தான் ஆளு வருதே, அவுக பொழப்ப எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டோம். நாங்க பச்சை லைட்டையே பாத்துட்டு உக்காந்துருந்தோம்."

அதன் பிறகு வள்ளம் இழுபட்டு சிக்னல் இல்லாத இடத்துக்குப் போயிருக்கிறது. லைட் அணைந்திருக்கிறது.

கா. சார், "டவர் கோளாறுண்ணே, அன்னைக்கு ஏரியா முழுக்க அப்படித்தான்" என்றார். லூர்து அக்கா, "அந்த டவர்காரன் நாசமாப் போவான்" என்றாள்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிமெண்டுத் தரை, கோழி ஒன்று. எங்களுக்குத் தூண்டில் மீன் குழம்பும் சோறும் போட்டார்கள். சாப்பிட்டேன்.

அக்டோபர் 11, சனி

அலுவலகத்தில் நான் மட்டும். அன்று நடந்ததை லேப்டாப்பில் திரும்ப நடத்திப் பார்த்தேன்.

முதலில் வியாழக்கிழமை ரீஸ்டார்ட்டுக்கு முன்னால் எடுத்து வைத்த பட்டியல், எந்த த்ரெட் எங்கே நிற்கிறது என்று. சர்வரில் மொத்தம் நூறு த்ரெட் வைத்திருந்தேன். ஒரு வள்ளத்துக்கு ஒன்று. அந்த நேரத்தில் நூறு த்ரெட்டும் ஒரே வரியில் நிற்கின்றன: ரீட். அதாவது, 'எதிரில் இருப்பவன் ஏதாவது சொல்லும் வரை இங்கேயே நில்.'

எதிரில் யாரும் இல்லை. வள்ளம் சிக்னலை விட்டுப் போகும்போது போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. இணைப்பு அறுந்ததே சர்வருக்குத் தெரியாது. வள்ளம் திரும்ப சிக்னலுக்குள் வந்தால் புது இணைப்பு, புது த்ரெட். பழைய த்ரெட் பழைய இணைப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே. ஒரு வள்ளம் ஒரே நாளில் நாலு முறை போய் வந்தால் நாலு த்ரெட் செத்த இணைப்புக்குக் காவல். எட்டு வள்ளம் இருந்தபோது நூறு நிரம்ப நாளாயிற்று, அதற்குள் ஏதாவது திருத்தத்துக்காக நானே ரீஸ்டார்ட் செய்துவிடுவேன். முப்பத்தொன்று என்றால் இரண்டு மூன்று நாள்.

அடுத்தது பச்சை லைட். நூறு போலி வள்ளங்களை இணைத்துப் பேசாமல் விட்டேன். நூற்றியோராவதை இணைத்தேன். இணைந்தது! செய்தி அனுப்பினேன். பிழை எதுவும் இல்லை, போய்விட்டது என்றே சொல்கிறது. என் புரோகிராம் அதைத் தொடவே இல்லை. இணைப்பை ஏற்றுக்கொண்டது கெர்னல், அதாவது மெஷினின் அடிப்படை மென்பொருள்; செய்தியை வாங்கித் தன் வரிசையில் வைத்துக்கொண்டதும் அதுதான். எடுக்க என்னிடம் த்ரெட் இல்லை. பெட்டிக்கு அது போதும், பச்சை.

அப்படியானால் சேசு அண்ணன் அமுக்கியது 12.20 வரை வரிசையில் இருந்திருக்கிறது. இருந்திருக்கிறதே!

பிறகு ரீஸ்டார்ட் செய்து பார்த்தேன். வரிசை காலி. காத்திருந்ததெல்லாம் அறுந்து போயிற்று, ஒரு எழுத்து மிஞ்சவில்லை.

ஆக, நான்தான் அழித்தேன். ஓடவைக்கிறேன் என்று நினைத்து அழித்தேன். திங்கட்கிழமை 11.20க்கும் ஏதாவது இருந்ததா? அதற்கு முந்தைய இரண்டு முறையும்? தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

ராத்தா போனில்: ஹனாவுக்கு லேசாகச் சூடு. சீக்கிரம் கிளம்பினேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஹனாவுக்குக் காய்ச்சல் 100. கஞ்சி. மழை. வேறொன்றும் இல்லை.

அக்டோபர் 13, திங்கள்

காய்ச்சல் விட்டது.

கா. சாரிடம் எல்லாவற்றையும் காட்டினேன். நேரம் எடுத்துப் பார்த்தார். முதல் வார்த்தை: "நூற ஆயிரமாக்கிரு."

ஆக்கினால் மாதத்துக்கு ஒரு முறை நிற்கும், அவ்வளவுதான் சார்.

"அப்ப டைம்அவுட் போடு. மூணு நிமிஷம் பேசலேன்னா கட் பண்ணிரு."

அது சரி. பெரும்பாலும் அதுவே போதும் என்பதும் உண்மை. மதியத்துக்குள் போட்டுவிட்டேன். மூன்று வரி. மூன்று வரிக்காக இரண்டு பேர் ஏழு மணி நேரத்துக்கு மேல் கடலில்.

ஆனால் சங்கத்தில் அடுத்த பருவத்துக்கு நானூறு வள்ளம் என்கிறார்கள். நானூறு த்ரெட், பெரும்பாலான நேரம் சும்மா நிற்பதற்கு. ஈவன்ட் லூப்பில் எழுதிப் பார்க்கிறேன், ஒரு வாரம் கொடுங்கள் என்றேன். கொடுத்தார்.

பிறகு மற்ற விஷயம். அவர்களிடம் சொல்ல வேண்டாமா சார்?

"சொன்னா பெட்டியெல்லாம் கழட்டிக் குடுத்துருவாக. அப்பறம் அவுகளுக்கு ஒண்ணுமே இல்லாமப் போயிரும். சரி பண்ணிட்டோம்ல? யாருக்கும் ஒண்ணும் ஆகலையேம்மா."

கெட்ட மனிதர் இல்லை. அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருந்தது, அதுதான் கஷ்டம். அவர் அய்யா மிளகாய் பயிர் போட்டுத்தான் இவரைப் படிக்க வைத்தார். இந்த அலுவலகம் மூன்றாம் முயற்சி. டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமே நின்றார்.

அக்டோபர் 14, செவ்வாய்

நாள் முழுக்கப் படிப்பு. எனக்காகச் சுருக்கம்:

பழையது – ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் (இணைப்புக்கும்) ஒரு த்ரெட். ஒவ்வொன்றும் தன் சாக்கெட்டின் வாசலில் நிற்கும்.
புதியது – ஒரே த்ரெட். எல்லா சாக்கெட்டையும் பட்டியலாகக் கெர்னலிடம் கொடுத்துவிட வேண்டும். ஒரே கேள்வி: இவற்றில் எதில் செய்தி வந்திருக்கிறது? வந்தவற்றை மட்டும் எடு, வேலையை முடி, மறுபடி அதே கேள்வி. அந்தச் சுற்றுதான் லூப்.
முக்கியம் – காத்திருப்பது அந்தக் கேள்வியில் மட்டும். வேறு எங்கேயும் காத்திருக்கக் கூடாது.

மூன்றாவது வரியைப் புரிந்துகொண்டேன் என்று நினைக்கிறேன்.

லூர்து அக்கா செய்வதும் இதுதானே என்று தோன்றியது. முப்பத்தொரு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பதில் வரும் வரை போனைப் பிடித்துக்கொண்டா இருக்கிறாள்? கூப்பிடுகிறவனுக்குப் பதில் சொல்கிறாள். என்னைவிட அவளுக்கு இது முன்னாலேயே தெரியும்.

மிக்சி ரிப்பேர்.

அக்டோபர் 15, புதன்

லூப் ஓடியது. காலை 10.40. போலி வள்ளம் ஐந்நூறு, ஒரே த்ரெட், லேப்டாப் சூடாகக்கூட இல்லை. எழுந்து போய் முகம் கழுவி வந்தேன்.

11.15. வள்ளம் 7 நைஜீரியாவில் நிற்கிறது.

கா. சார் சிரித்த சிரிப்பில் கீழ்க் கடைக்காரர் மேலே வந்துவிட்டார். "என்னம்மா, பாம்பன்லேருந்து ஆப்பிரிக்கா வரைக்குமா வல விடுறாக?"

காரணம்: செய்தி ஒரே துண்டாக வரும் என்று நம்பியிருந்தேன். வராது. பாதி இப்போது, பாதி சற்று நேரம் கழித்து. தீர்க்கரேகை 79 என்பதில் 7 மட்டும் வந்து நின்றதும் அதையே இடம் என்று எடுத்துக்கொண்டது. பழைய சர்வரில் முழு வரி வரும் வரை த்ரெட் நின்றுவிடும், ஆகவே நான் கவலைப்பட்டதே இல்லை. லூப்பில் நிற்க முடியாது. வந்த பாதியை அந்த வள்ளத்தின் பெயரில் பஃபரில் எடுத்து வைத்துவிட்டு, அடுத்த வள்ளத்தைப் பார்க்க வேண்டும். மீதி வந்ததும் சேர்க்க வேண்டும்.

மாலைக்குள் சரி. நைஜீரியாவிலிருந்து அனைவரும் திரும்பினர்.

வெகு நாள் கழித்து ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 16, வியாழன்

மச்சான், ஹனாவின் வாப்பா, ஷார்ஜாவிலிருந்து வீடியோவில். அங்கே சூடு குறைந்திருக்கிறதாம். ஹனா பல் ஆடுவதைக் காட்டினாள். லூப் பற்றிச் சொன்னேன். புரிந்ததோ என்னவோ, பொறுமையாகக் கேட்டார். குளிர்பதனக் கிடங்கில் வேலை, கையுறை அடையாளம் இன்னும் கையில் இருந்தது.

கடைசியில் ஒன்றுதான் கேட்டார். "அத அவுககிட்ட சொல்லிட்டியா?"

இன்னும் இல்லை என்றேன்.

"ம்."

அந்த 'ம்' நாள் முழுக்கக் காதில்.

அக்டோபர் 17, வெள்ளி

ஜும்மா நேரம், தெரு அமைதி. வீட்டிலிருந்தே வேலை.

ஆபத்துப் பொத்தானைச் சோதித்தேன். அமுக்கினதும் சங்கத்தில் ஐந்து பேருக்கு எஸ்எம்எஸ் போக வேண்டும். போயிற்று. ஆனால் அந்த நேரம் திரையில் எல்லாப் புள்ளிகளும் உறைந்து நின்றன. ஏழு விநாடி. மறுபடி அமுக்கினேன். இந்த முறை நாற்பது விநாடி.

அதே உறைந்த திரை.

எஸ்எம்எஸ் அனுப்பும் இடத்தில், அந்தப் பக்கத்துப் பதிலுக்காக லூப் நின்றிருக்கிறது. வேறெங்கும் காத்திருக்கக் கூடாது என்று செவ்வாய்க்கிழமை நானே எழுதி வைத்திருக்கிறேன்! பழைய முறையில் ஒரு த்ரெட் நின்றால் ஒரு வள்ளம்தான் மாட்டும். லூப் நின்றால் முப்பத்தொன்றும் மாட்டும். ஒருவர் ஆபத்தில் இருக்கும் நேரம் பார்த்து மற்ற அனைவரையும் கைவிடுகிற புரோகிராமை எழுதியிருக்கிறேன்.

சரி செய்தது: எஸ்எம்எஸ்ஸுக்கென்று தனியாக ஒரு த்ரெட், ஒரு க்யூ. லூப் செய்தியைக் க்யூவில் போட்டுவிட்டுத் தன் வேலைக்குப் போய்விடும். மெதுவான வேலையை அந்த த்ரெட் தன் பாட்டுக்குச் செய்யும். த்ரெட்டே கூடாது என்று மூன்று நாளாக வெறுத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. எதை எங்கே நிற்க வைப்பது என்பதுதான்.

இன்னொன்று. பெட்டியின் கையேட்டில் பதினோராம் பக்கம்: ஆரஞ்சு லைட் ஒன்று இருக்கிறது, சர்வரிலிருந்து கட்டளை போனால்தான் எரியும். நாங்கள் பயன்படுத்தவே இல்லை.

நாளை பாம்பன். தனியாக. கா. சாரிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 18, சனி

சொல்லிவிட்டேன்.

சங்க அலுவலகம். லூர்து அக்கா வயர்லெஸ்ஸுக்குப் பக்கத்தில். சேசு அண்ணன் வெளியே இஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார், கையெல்லாம் கிரீஸ், கூப்பிட்டதும் வாசலில் வந்து நின்றார்.

அன்னைக்கு டவர் கோளாறு இல்லைக்கா. என் சர்வர் நின்னு போச்சு. நான் எழுதினதுல இருந்த தப்பு. அண்ணன் அமுக்குனது எங்க மெஷின் வரைக்கும் வந்துருச்சு. யாரும் எடுக்கல. அதுக்கப்பறம் நான் ரீஸ்டார்ட் பண்ணதுல அழிஞ்சும் போச்சு.

பஸ்ஸில் மனப்பாடம் செய்தது. சரியாகத்தான் சொன்னேன். குரல்தான் யாருடையதோ மாதிரி.

வயர்லெஸ் கரகரத்தது. அக்கா அதைக்கூட எடுக்கவில்லை.

"வந்துருச்சா?" என்றாள். "மெஷினு வரைக்கும் வந்துருச்சா?"

ஆமா.

"நான் இங்கன உக்காந்து அந்தப் புள்ளியப் பாத்துக்கிட்டே இருந்தேன் நஸ்ரினு. ஒம்பது மணிலேருந்து. அசையாம நிக்கிது, நல்ல மீன்பாடு போல, வலைய இழுக்குறாக போலன்னு. எஞ்சோத்த நிம்மதியாத் தின்னேன். ஒன் திரை என்னய தின்ன வச்சுச்சு."

எனக்கு அழுகை வந்தது, அடக்கினேன், அழ வேண்டியது நானில்லை.

சேசு அண்ணன்தான், "விடு லூர்து, தங்கச்சி தேடி வந்து சொல்லுதுல்ல" என்றார்.

"நீங்க செத்த சும்மா இருங்க. ஒங்களுக்கென்ன, நீங்க கடல்ல இருந்தீக. நானுல்ல இங்கன இருந்தேன்."

அப்புறம் எழுந்து தண்ணீர் குடித்தாள். எனக்கும் ஒரு சொம்பு வைத்தாள். உட்கார்ந்தாள். திரையைக் காட்டி விரலை நீட்டினாள்.

"பழைய புள்ளியப் பழசுன்னு காட்டு. எத்தன நிமிஷம் ஆச்சுன்னு பக்கத்துலயே எழுது. அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனா நெறம் மாறணும். மெஷினு நின்னுச்சுன்னா நின்னுருச்சுன்னு கத்தணும். சும்மா அழகா நிக்கக் கூடாது."

எழுதிக்கொண்டேன். ஆரஞ்சு லைட்டைப் பற்றிச் சொன்னேன். சர்வர் வாங்கியதும் எரிய வைக்கலாம் என்றேன்.

"மெஷினு வாங்குனா என்ன புண்ணியம்? நான் பாத்தேனான்னு அவுகளுக்குத் தெரியணும். நான் தொட்டாத்தான் எரியணும்."

நான்கு மாதம் இதை எழுதினேன். ஒரு நாள்கூட அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கவில்லை.

கிளம்பும்போது வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

பஸ் நிறுத்தத்திலிருந்து கா. சாருக்குப் போன். சொல்லிட்டேன் சார். மறுமுனையில் மோட்டார் சத்தம், வயலில் இருந்தார் போல. பிறகு: "சரிம்மா. எனக்கு வாய் வரல. நீ சொல்லிட்ட."

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி, அலுவலகம் லீவு. கா. சார் வீட்டிலிருந்து அதிரசம், முறுக்கு, பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். ராத்தா, "முறுக்கு நல்லாருக்கு, என்ன மாவுன்னு கேளு" என்றாள்.

நிறம் மாறுவது முடிந்தது. நிமிடக் கணக்கு முடிந்தது. அக்கா தொட்டால் ஆரஞ்சு எரிவதும் முடிந்தது. சர்வர் நின்றால் திரை முழுக்கச் சிவப்பு, கூடவே மணி. மணிச் சத்தத்தில் ஹனா காதைப் பொத்திக்கொண்டாள்.

லூர்து அக்காவிடமிருந்து ஒன்றும் இல்லை.

அக்டோபர் 22, புதன்

மேகம், மழை இல்லை.

அக்கா நேற்று போன் செய்தாள். ஒரே வாக்கியம்: "நாளைக்கு வள்ளம் கிட்டக்கதான் போகுது, நீயே ஏறி வந்து பாரு."

ராத்தா: "பொம்பளப் புள்ள கடல்லயா? ஹனா வாப்பாட்ட கேட்டியா?" கேட்டேன். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கோ என்றார், அவ்வளவுதான். கீழக்கரையில் பிறந்து, இந்த முப்பது வயதில் முதன்முறை வள்ளத்தில்.

சேசு அண்ணன், மச்சினன், நான். அக்கா கரையில், திரைக்கு முன்னால். அங்கேயும் ஆள் வேண்டுமே.

சிக்னல் இருக்கும் இடத்திலேயே நிறுத்திப் பொத்தானை அமுக்கினோம். பச்சை எரிந்தது. மூவரும் அதைப் பார்க்கவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஒன்பதில் ஆரஞ்சு.

சேசு அண்ணன், "அவதான்" என்றார்.

சர்வர் என்று அவர் சொல்லவில்லை.

பிறகு சிக்னல் இல்லாத தூரம் வரை போய்த் திரும்பினோம். அதற்குள் நான் இரண்டு முறை வாந்தி. மச்சினன் எலுமிச்சம்பழம் கொடுத்தார். கரைக்கு வந்து லாக் பார்த்தேன். பழைய இணைப்பு மூன்று நிமிடத்தில் மூடப்பட்டது, புதியது வந்தது, புது சர்வருக்கு ஏற்கெனவே மாற்றியிருந்த மற்ற வள்ளங்களில் ஒரு விநாடிகூடத் தடங்கல் இல்லை.

அக்கா என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். இரண்டு வாரத்தில் முதல் சிரிப்பு. "மஞ்சக் காமாலை வந்தவ மாதிரி இருக்க. கொஞ்சம் சாஞ்சு படு."

சங்க அலுவலகத்துப் பாயில் அரை மணி நேரம் தூங்கினேன். வயர்லெஸ் சத்தத்துக்கு நடுவிலும் நல்ல தூக்கம்.

அக்டோபர் 24, வெள்ளி

பழைய சர்வரை நிறுத்தினேன். காலை 10. முப்பத்தொன்றும் புதியதில்.

காற்றழுத்தத் தாழ்வு என்று அறிவிப்பு. மதியம் எல்லா வள்ளங்களும் ஒரே நேரத்தில் கரைக்கு. இருபது நிமிடத்துக்குள் முப்பத்தொரு புது இணைப்பு. லூப் எல்லாவற்றையும் எடுத்தது. கா. சாரும் நானும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒன்றும் நடக்கவில்லை. அவ்வளவு அழகாக ஒன்றும் நடக்கவில்லை.

ஹனாவின் பல் விழுந்தது. டிஷ்யூவில் சுற்றி என் பையில்.

அக்டோபர் 28, செவ்வாய்

நேற்று பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம், லீவு. இன்று காலை 9.30க்கு உட்கார்ந்து லாக் பார்த்தேன். நேற்று:

8.14.20 – வள்ளம் 22, பொத்தான்.
8.14.31 – பார்த்தது: லூர்து.
10.05 – முடித்தது: லூர்து.

சோதனை என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. உடனே போன் போட்டேன். அக்கா எடுக்க ஐந்து நிமிடம் ஆயிற்று.

"ஆமா, நம்ம இருதயராசுக்குத் திருக்கை முள்ளு குத்திருச்சு, தொடையில. ரத்தம். பக்கத்துல பதினெட்டாம் வள்ளம் நின்னுச்சு, அத அனுப்புனேன். கரைக்கு வண்டியும் சொல்லி வச்சுட்டேன். பெரியாஸ்பத்திரில தையல் போட்டாச்சு, நல்லாத்தான் கெடக்கான், பிரியாணி கேக்குறானாம்."

எனக்கு ஏன்க்கா சொல்லல?

"ஒனக்கு எதுக்கு நஸ்ரினு? நீ என்ன, வந்து முள்ளையா புடுங்கப்போற? வையி, லைன்ல ஆளு நிக்கிறாக."

வைத்துவிட்டாள்.